இடுப்பில் தொடங்கி கால் வரை இழுக்கும் வலி: சயாட்டிகா ஏன் வருகிறது, எப்போது காத்திருக்கக் கூடாது?

காலை நேரத்தில் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். படியேறும் கூட்டத்தில் ஒருவராவது பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு காலை மட்டும் உதறிக்கொண்டிருப்பார். கேட்டால், "ஒண்ணும் இல்லீங்க, நரம்பு இழுக்குது" என்பார். சிலர் "வாயுப் பிடிப்பு" என்பார்கள். ஸ்கேன் எடுத்தவர்கள் "ஜவ்வு விலகிடுச்சாம்" என்பார்கள்.

மூன்று பேரும் பெரும்பாலும் ஒரே பிரச்சினையைத்தான் சொல்கிறார்கள். அதன் பெயர் சயாட்டிகா. வலி தாங்க முடியாத அளவுக்கு இருக்கும் என்பதால், வந்ததுமே "இனி நடக்கவே முடியாதோ" என்ற பயமும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இது அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் குறைந்துவிடும். ஒரு சிலருக்கு மட்டும் ஒரு நாள் தாமதம்கூட வாழ்நாள் பாதிப்பாக முடியலாம். இந்த இரண்டு தரப்பையும் பிரித்துக் காட்டுவது வலியின் அளவு அல்ல, வேறு சில அறிகுறிகள். அவற்றைத் தெரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சயாட்டிகா என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேச்சு வழக்கில் 'நரம்பு' என்று நாம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், 'நரம்பு சுருட்டல்' என்றும் சொல்கிறோம். அது உண்மையில் ரத்தக்குழாய். சயாட்டிகாவில் பாதிக்கப்படுவது அது அல்ல. மூளைக்கும் தசைக்கும் இடையே உணர்வையும் கட்டளையையும் கடத்தும் நரம்பு. அது வெளியே தெரியாது.

கீழ் முதுகில் இருந்து வெளியே வரும் ஐந்து நரம்பு வேர்கள் இடுப்புப் பகுதியில் ஒன்றுசேர்ந்து உருவாவதுதான் சயாட்டிக் நரம்பு. மனித உடலிலேயே மிகத் தடிமனான நரம்பு இதுதான்; ஏறக்குறைய ஒரு விரல் கனம் இருக்கும். புட்டத்தின் ஆழத்தில் நுழைந்து, பின்தொடை வழியாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது.

இந்த நரம்போ அதன் வேர்களோ அழுத்தப்பட்டாலோ அழற்சி அடைந்தாலோ, அது போகும் பாதை முழுக்க வலி தெரியும். தெருமுனை மின்கம்பத்தில் கோளாறு என்றால் உங்கள் வீட்டு பல்புதான் மினுங்கும். பல்பை மாற்றினால் சரியாகாது. அதேபோலத்தான் இதுவும். கோளாறு முதுகில், வலி காலில். அதனால் கெண்டைக்காலில் தைலம் தேய்த்தால் இதமாக இருக்கலாம், ஆனால் மூல காரணத்தை அது தொடாது.

ஆக, சயாட்டிகா தனி நோய் அல்ல. அது ஒரு அறிகுறி. காரணம் என்ன என்பதுதான் அடுத்த கேள்வி.

சாதாரண முதுகுவலியில் இருந்து எப்படி வேறுபடுத்துவது?

சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் இடுப்போடு நின்றுவிடும், அதிகம் போனால் தொடை வரை வரும். சயாட்டிகாவில் வலி பொதுவாக முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கும். இடுப்பைவிடக் காலில்தான் வலி அதிகமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வரும். 'ஷாக் அடிச்ச மாதிரி', 'சுரீர்னு', 'மிளகாய் தடவின மாதிரி எரியுது' என்றுதான் பலரும் இதைச் சொல்வார்கள். இருமும்போது, தும்மும்போது, மலம் கழிக்க முக்கும்போது வலி கூடும். கூடவே மரத்துப்போவதும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருக்கலாம்.

வலி எந்த இடத்தில் இறங்குகிறது என்பதை வைத்தே எந்த வேர் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் ஓரளவு ஊகித்துவிடுவார். காலின் வெளிப்பக்கமாக இறங்கி கட்டைவிரல் பக்கம் மரத்தால் ஒரு வேர். கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி சுண்டுவிரல் பக்கம் மரத்தால் அதற்கு அடுத்த வேர். படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்திப் பார்ப்பார். பாதி உயரத்துக்குள்ளேயே கால் முழுக்கச் சுரீரென்று இழுத்தால் அது முக்கியமான தடயம். 19ஆம் நூற்றாண்டில் இருந்து பயன்பாட்டில் இருக்கும் இந்த எளிய பரிசோதனைக்கு மெஷின் எதுவும் தேவையில்லை.

இரண்டு பாதங்களிலும் ஒரே அளவு எரிச்சல், சாக்ஸ் போட்டது போன்ற மரத்த உணர்வு என்றால் அது சர்க்கரை நோயால் வரும் நரம்பு பாதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை சயாட்டிகா என்று நினைத்து வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

'ஜவ்வு விலகல்' என்பது உண்மையில் என்ன?

சயாட்டிகாவுக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 30 முதல் 50 வயதுக்காரர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

முதுகெலும்பின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே குஷன் போல இருப்பதுதான் டிஸ்க், நம் ஊர் வழக்கில் ஜவ்வு. உள்ளே நீர்ச்சத்து நிறைந்த ஜெல்லி, வெளியே டயர் போன்ற உறுதியான வளையங்கள். வயதாக ஆக ஜெல்லியின் நீர்ச்சத்து குறையும், வளையத்தில் விரிசல் விழும். ஒரு நாள் அந்த விரிசல் வழியாக ஜெல்லி பிதுங்கிப் பின்னால் இருக்கும் நரம்பு வேரில் படும். வெறும் அழுத்தம் மட்டும் அல்ல, அந்த ஜெல்லியால் ஏற்படும் அழற்சியும் சேர்ந்துதான் அவ்வளவு வலி.

1764இல் இத்தாலியின் நேப்பிள்ஸைச் சேர்ந்த மருத்துவர் கொட்டுன்யோ, இது மூட்டு வலி அல்ல, நரம்பு வலி என்று பிரித்து எழுதினார். ஆனால் பிதுங்கிய டிஸ்க்தான் முக்கியக் காரணம் என்பது 1934இல்தான் தெளிவானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் அதை அறுவை சிகிச்சை அனுபவத்தோடு எழுதினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிஸ்க் 'விலகுவது' இல்லை, பிதுங்குகிறது. எனவே அதை அழுத்தியோ மிதித்தோ மறுபடி உள்ளே தள்ள முடியாது. "இரட்டைப் பிள்ளை பெத்தவங்க காலால நீவினா சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தசைப்பிடிப்புக்கு இதமாக இருந்திருக்கலாம். பிதுங்கிய டிஸ்க்கின் மேல் ஒருவர் ஏறி மிதிப்பது ஆபத்து. அதேநேரம் நல்ல செய்தியும் இருக்கிறது: பிதுங்கிய பகுதியை உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடும். பெரிதாகப் பிதுங்கியவைதான் பல நேரங்களில் அதிகமாகச் சுருங்குகின்றன என்பது ஸ்கேன் ஆய்வுகளில் தெரியவந்த உண்மை.

வேறு என்ன காரணங்கள்?

60 வயதைத் தாண்டியவர்களுக்கு, முதுகுத்தண்டு வடம் போகும் பாதையே குறுகிப்போவது முக்கியக் காரணம். இவர்களால் கொஞ்ச தூரம்தான் நடக்க முடியும். கால் கனத்துப்போகும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகும். "நடக்க முடியல, ஆனா சைக்கிள் ஓட்ட முடியுது" என்று தாத்தா சொன்னால் அது சாக்கு அல்ல. முன்னால் குனியும்போது அந்தப் பாதை சற்று அகலமாகிறது.

ஒரு முதுகெலும்புக் கட்டை இன்னொன்றின் மேல் முன்னால் நகர்வது, புட்டத்தின் ஆழத்தில் இருக்கும் தசை நரம்பை இறுக்குவது, விபத்துக் காயம் ஆகியவையும் காரணமாகலாம். கர்ப்ப காலத்திலும் இப்படி வலி வரலாம்.

நம் ஊரில் குறிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று, ஊசி. "ஊசி போட்டாத்தான் கேட்கும்" என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. புட்டத்தில் தவறான இடத்தில் போடப்படும் ஊசி சயாட்டிக் நரம்பையே காயப்படுத்தலாம். ஊசி போட்ட அடுத்த கணமே கால் முழுக்க ஷாக் அடித்தது போல் இருந்து பாதம் தொங்கிப்போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போட வேண்டிய அவசியம் இருந்தால், புட்டத்தின் வெளிப்பக்க மேல்பகுதியில் போடுவதே பாதுகாப்பானது.

இன்னொரு காரணத்தை இந்தப் பகுதியில் வசிப்பவர்கள் மறக்கக் கூடாது. 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர் எப்படி வந்தது? 1928இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்தால் வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவது அல்ல, முதுகெலும்பையும் தாக்கும். இருமலே இல்லாமலும் வரலாம். படுத்தாலும் குறையாத முதுகுவலி, சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது என்று இருந்தால் அதைச் சாதாரண சயாட்டிகா என்று விட்டுவிடக் கூடாது. காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

தண்ணீர் கேனும் டூவீலரும்

சிட்லபாக்கம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று எங்கே போனாலும் ஒரு காட்சி மாறாது. வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. கேனைத் தூக்கிக்கொண்டு ஏறி, குனிந்து, திரும்பி, டிஸ்பென்சரில் கவிழ்க்க வேண்டும்.

1999இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள், ஒரு தன்னார்வலரின் முதுகு டிஸ்க்கிற்குள்ளேயே சென்சார் வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். நேராக நின்றபோது 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோ எடையை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது 1.1. அதே 20 கிலோவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3, அதாவது நிற்பதைவிட நான்கு மடங்குக்கும் மேல். முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7ஆகக் குறைந்தது. ஒரே ஒருவரிடம் செய்த அளவீடுதான். ஆனாலும் நம் வீட்டுத் தண்ணீர் கேனின் எடையும் அதே 20 கிலோ என்பதால் கணக்கு நமக்குப் பொருந்துகிறது. முழங்காலை மடக்குங்கள், கேனை உடலோடு ஒட்டிப் பிடியுங்கள், தூக்கியபடி இடுப்பை மட்டும் திருப்பாதீர்கள். முடிந்தால் கேனைக் கவிழ்க்காமல், கீழே வைத்தபடியே தண்ணீர் எடுக்கும் சின்ன மின் பம்ப் வாங்கிவிடுங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு ஆச்சரியம்: தளர்வாக உட்கார்ந்திருந்தபோது அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிட அதிகமாக இல்லை. எனவே "உட்கார்றதே தப்பு" என்பது சரியல்ல. ஓஎம்ஆர் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அசையாமல் ஒரே நிலையில் இருப்பதுதான் பிரச்சினை. அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தாலே போதும்.

வண்டி ஓட்டுவது தனிக் கதை. நீண்ட நேரம் உடல் முழுக்க அதிர்வு ஏற்படும் வேலை செய்பவர்களுக்கு, குறிப்பாக ஓட்டுநர்களுக்கு, முதுகு பாதிப்பும் சயாட்டிகாவும் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஜிஎஸ்டி சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் தினமும் டூவீலரில் போகிறவர்களும் டெலிவரி வேலை பார்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வலி கடுமையாக இருக்கும் வாரங்களில் மட்டுமாவது வண்டியை விட்டு மின்சார ரயிலுக்கு மாறலாம். ரயிலில் நிற்கலாம், நடக்கலாம், நிலையை மாற்றலாம்.

புகைப்பழக்கமும் உடல் பருமனும் ஆபத்தை அதிகரிக்கும். மரபணுவுக்கும் பெரிய பங்கு உண்டு. எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் இது வரலாம், அதற்காக யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

உடனே எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா?

வலி வந்த முதல் வாரத்திலேயே பலர் செய்யும் செலவு இது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் உப்பியிருந்தது. 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை.

அதாவது, 'டிஸ்க் பல்ஜ்' என்று ரிப்போர்ட்டில் வந்தாலே அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. உங்கள் அறிகுறியோடும் மருத்துவர் செய்த பரிசோதனையோடும் அது பொருந்த வேண்டும். கால் பலவீனம் இருந்தால், கீழே சொல்லப்போகும் அபாய அறிகுறிகள் இருந்தால், ஆறு வாரமாகியும் குறையாமல் இருந்தால், ஊசியோ அறுவை சிகிச்சையோ திட்டமிட்டால் எம்ஆர்ஐ அவசியம். மற்றபடி பொறுக்கலாம்.

படுத்தே இருக்கணுமா?

"மூணு வாரம் பெட் ரெஸ்ட்" என்பது பழைய அறிவுரை. நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு வாரம் படுக்கை ஓய்வு. மற்றவர்கள் இயன்ற வேலைகளைச் செய்துகொண்டு காத்திருந்தார்கள். 12 வாரம் கழித்து இரண்டு பிரிவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். 1999இல் வெளியான முடிவு இது. படுத்துக்கிடந்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

எனவே வலி தாங்க முடியாத ஒன்றிரண்டு நாள் படுக்கலாம். பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்கு மெல்ல நடமாடுவதே நல்லது. பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் பலருக்கு இதமாக இருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் மரத்துப்போன இடத்தில் வேண்டாம், சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். உடற்பயிற்சியை வீடியோ பார்த்துச் செய்யாமல் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு உதவும் பயிற்சி இன்னொருவருக்கு வலியைக் கூட்டலாம். வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் வசதி இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டுவரலாம். ஸ்டீராய்டு சர்க்கரையை எகிறச் செய்யும். 'நரம்பு மாத்திரை' என்று தரப்படும் பிரிகாபாலின் பற்றி 2017இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், சயாட்டிகா வலியைக் குறைப்பதில் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை, தலைசுற்றல்தான் அதிகம். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு இந்த வலியோடு போகிறவர்களும் உண்டு. எந்த மருத்துவம் என்றாலும் இரண்டு விதிகள்: அபாய அறிகுறி இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்; சாப்பிடும் எல்லா மருந்தையும் எல்லா மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சை?

2007இல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வு, 6 முதல் 12 வாரமாகக் கடும் வலியில் இருந்த 283 பேரை எடுத்துக்கொண்டது. சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பின்னர் அறுவை சிகிச்சைக்கே போனார்கள். ஒரு வருட முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். எனவே அவசர அறிகுறி இல்லாதவர்களுக்கு இது 'செய்தே ஆகணும்' என்ற விஷயம் அல்ல. எவ்வளவு நாள் வலியைப் பொறுக்க முடியும், வேலை என்ன என்பதைப் பொறுத்து மருத்துவரோடு பேசி எடுக்கும் முடிவு.

எப்போது காத்திருக்கவே கூடாது?

வலி அதிகமாக இருப்பது மட்டுமே ஆபத்து அல்ல. சில நேரம் நேர்மாறாக நடக்கும்: வலி திடீரெனக் குறையும், ஆனால் பாதம் தூக்க முடியாமல் போகும். "வலி போயிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் நரம்பு செயலிழக்கத் தொடங்கியிருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் இதைப் பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நான்கு அடி நடங்கள். பிறகு முன்னங்காலில் நான்கு அடி. இரண்டு கால் கட்டைவிரல்களையும் மேல்நோக்கித் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முடியவில்லை என்றாலோ, செருப்பு அடிக்கடி காலில் இருந்து நழுவினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. முதுகுத்தண்டின் அடியில் நரம்பு வேர்கள் குதிரைவால் போலக் கொத்தாகத் தொங்கும். பெரிய பிதுக்கம் இந்தக் கொத்து முழுவதையும் நசுக்கினால் இவை தெரியும்:

• சிறுநீர் வராமல் அடைப்பது, வருவதே தெரியாமல் கசிவது
• மலம் கட்டுப்பாடில்லாமல் போவது
• பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை (சைக்கிள் சீட்டில் படும் பகுதி) மரத்துப்போவது
• இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ பரவுவது

இதில் ஒன்று புதிதாக வந்தாலும் இரவு பன்னிரண்டு மணி என்றாலும் 108ஐ அழையுங்கள். அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம். 48 மணி நேரத்துக்குள் செய்தால் மீளும் வாய்ப்பு கூடும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தாமதமானால் வலி போனாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். தாம்பரத்துக்கு ஒரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இன்னொரு பக்கம் சென்ட்ரல் அருகே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

இந்த இடத்தில்தான் கூச்சம் குறுக்கே வருகிறது. குறிப்பாக அம்மாக்களும் பாட்டிகளும் "அங்கெல்லாம் மரத்திருக்குன்னு எப்படிச் சொல்றது" என்று சொல்லாமலே இருந்துவிடுவார்கள். மருத்துவரும் கூட்டத்தில் கேட்க மறந்திருக்கலாம். அதனால் நீங்களே கேளுங்கள்: "யூரின் நல்லா போகுதாம்மா? கழுவும்போது உணர்ச்சி தெரியுதா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் "ஆமா" என்று பதில் வந்து, குதிகாலிலும் முன்னங்காலிலும் அவரால் நடக்க முடிந்தால் பெரும்பாலும் பதற்றம் வேண்டாம். மருத்துவரை நிதானமாகப் பார்த்து, மெல்ல நடமாடியபடி சில வாரம் பொறுத்திருக்கலாம். பதில் "இல்லை" என்றால், விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.